நின்ற வண்டியும் இறுகிய போல்ட்டும்

சென்னையிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் குடியேறி வாழ்கிற உங்களில் பலருடைய பிறந்த வீட்டு முற்றத்தில் இன்றைக்கும் ஒரு கார் நின்றுகொண்டிருக்கும். பெற்றோரின் அவசரத்துக்கு உதவட்டும் என்று நீங்கள் விட்டுச்சென்ற வாகனம் அது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உறையை நீக்கி, தூசியைத் துடைத்து, சாவியைத் திருகுகிறீர்கள். பேட்டரி உயிரோடு இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இவ்விரண்டும் சரியாக இருந்தால் வண்டியே சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறீர்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? பிறரைக் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. என் பொறுப்பில் இருந்த ஒரு காரை நானும் அப்படித்தான் பாராமல் விட்டேன். அதன் விளைவை உங்களுக்கு மறைக்காமல் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னை நம்பி விட்டுச்சென்ற கார்

நான் வசிப்பது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஓர் எல்லைக் கிராமம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எங்கள் பகுதியில் ஒரே குடும்பத்தின் அண்ணன் வண்டியில் கே.எல். 19 என்றும், தம்பி வண்டியில் டி.என். 75 என்றும் எண் பலகை இருப்பது சாதாரணம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் ஆகிய மூன்று ஊர்களின் வண்டிகளும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. ஒரே மழையில்தான் நனைகின்றன.

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடுகள் தள்ளி முதியவர் ஒருவர் தனியே வசிக்கிறார். அவரை நாங்கள் எல்லோரும் அப்பச்சன் என்றே அழைக்கிறோம். ஒரே மகன் மும்பையில் இருக்கிறார். 2019-ஆம் ஆண்டு அந்த மகன் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தி, சாவியை என் கையில் தந்து, "பாஸ்டர், அப்பாவுக்கு ஒரு அவசரம் என்றால் நீங்கள்தான் ஓட்ட வேண்டும்" என்று கூறிச் சென்றார். அப்பச்சனுக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்தில் மூன்று நாட்கள் நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸ் செய்யப் போகவேண்டிய நிலை வந்தபோது, செவ்வாயும் வியாழனும் உறவினர் ஒருவர் தம் வண்டியில் அழைத்துச் செல்ல, சனிக்கிழமை என் பங்காயிற்று.

2021 நவம்பர் மாதத்தில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பெய்த கனமழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் அப்பச்சன் வீட்டு முற்றத்தில் காரின் சக்கரத்துக்குப் பாதி உயரம் தண்ணீர் நின்றது. இரண்டு நாளில் வடிந்தது. இருக்கையும் எஞ்சினும் நனையவில்லை என்பதைக் கண்டு நிம்மதியடைந்தோம். மேலே வெயில் பட்டுக் காய்ந்தது. அடியில் அப்பியிருந்த செம்மண் சேற்றை ஒருவரும் கழுவவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் டயர் மாற்றுவதற்காகப் பாறசாலையிலுள்ள ஓர் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றேன். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, "பாஸ்டரே, லோயர் ஆர்ம் புஷ் விண்டு தொடங்கியாச்சு. போல்ட்டும் துரு பிடிச்சிருக்கு. இப்பம் மாத்தினா எளுப்பம், பிறவு பாடு" என்றார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். 2023 ஜனவரியிலும் அதே வார்த்தையைக் கூறினார். ஆகஸ்டிலும் கூறினார். மூன்று முறையும் என் பதில் ஒன்றே. செலவைச் சொன்னால் மும்பையிலிருக்கும் மகன் வருந்துவாரே என்று நினைத்து அவருக்கும் தெரிவிக்கவில்லை. அதை நான் அன்பு என்று நினைத்தேன். உண்மையில் அது சோம்பலும், ஒரு சங்கடமான பேச்சைத் தவிர்க்கும் மனமும்தான்.

2024 ஜூன் மாதத்தில் பள்ளங்களில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் "டொக்" என்று சத்தம் கேட்கலாயிற்று. பிரேக்கை மிதித்தால் வண்டி இடதுபுறம் இழுத்தது. ஒரு சனிக்கிழமை அமரவிளை அருகே முன்னால் சென்ற பேருந்து திடீரென நிற்க, நான் பிரேக்கை அழுத்தியபோது கார் சாலையோரத்தை நோக்கிச் சென்றது. ஒன்றும் நேரவில்லை. அருகில் அமர்ந்திருந்த அப்பச்சன் ஒரு வார்த்தையும் பேசாமல் தம் இரு கைகளாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் ஊசி ஏற்றிய தழும்புகளைக் கண்டேன். அடுத்த வியாழக்கிழமை காலையில் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

போல்ட் ஏன் இறுகுகிறது?

ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை அறியுமுன், அந்த போல்ட்டின் வேலை என்ன என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையைத்தான் லோயர் ஆர்ம் என்கிறார்கள். அது மேலும் கீழும் அசைவதற்கு இடம் தரும்படி, காரின் உடலோடு சேருமிடத்தில் ஒரு ரப்பர் புஷ் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த ரப்பரின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அக்குழாய்க்குள் நீண்ட போல்ட் செல்லும். நட்டை முறுக்கும்போது, உடலிலுள்ள தாங்கியின் இரு தகடுகளும் அந்தக் குழாயின் இரு முனைகளையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதன்பின் போல்ட்டும் அசையாது, குழாயும் அசையாது. ரப்பர் மட்டுமே முறுகி முறுகித் திரும்பும்.

குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. மழைநீர் அதற்குள் எளிதில் புகுந்துவிடும். வெளியேறவோ வழியில்லை. காற்றும் வெயிலும் எட்டாத அந்த இடத்தில் ஈரம் நாட்கணக்கில் தங்கியிருக்கும். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. கடலோர வீடுகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிக் கூரைப் பூச்சைப் பிளந்து தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வலிமைதான் போல்ட்டையும் குழாயையும் ஒன்றாக்கி விடுகிறது. துரு வெடிக்க இடமில்லாததால் ஆப்பு வைத்ததுபோல் இறுகுகிறது.

இதில் உப்பும் சேர்ந்தால் கேடு இன்னும் விரைவாகும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துருவேறும் வினை வேகமடைகிறது. குளிர்நாடுகளில் பனியை உருக்குவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அங்கே சில ஆண்டுகளே ஓடிய காரின் அடிப்பகுதிகூடத் துருவேறிப் போவதற்கு அதுவே காரணம். நமக்கு அந்த உப்பைக் கடற்காற்று கொண்டுவருகிறது. பொழியூர், பூவார், கொல்லங்கோடு போன்ற கரையோர ஊர்களில் நிற்கிற கார்கள் தினமும் அதைச் சுவாசிக்கின்றன. அதோடு நம் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ரப்பருக்கும் மரவள்ளிக்கும் அது ஆசீர்வாதம். காருக்கு அடியிலிருக்கும் போல்ட்டுக்கோ காய்ந்து கிடக்க ஓய்வான மாதங்கள் மிகக் குறைவு.

இரண்டு நாள் போராட்டம்

மெக்கானிக் காரை ஜாக்கியில் உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டு வைத்து, கம்பி பிரஷால் சேற்றையும் துருவையும் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்தார். சிறிது நேரத்துக்குப்பின் நீண்ட கைப்பிடியைப் போட்டு இழுக்க, நட்டு கழன்றது. வேலை முடிந்தது என்று நான் மகிழ்ந்தேன். அவர் தலையை அசைத்தார். போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். கால் சுற்று திரும்பியது. கையை விட்டதும் அது பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. போல்ட்டோடு சேர்ந்து உள்குழாயும் திரும்புகிறது, ரப்பர் முறுகித் திரும்ப இழுக்கிறது என்று விளக்கினார். வாசகர்களே, இந்த அடையாளத்தை மறவாதிருங்கள். நட்டு கழன்றும் போல்ட் இவ்விதம் சுருள்வில்லைப்போல் திரும்பி வருமானால், அது குழாயோடு ஒட்டிவிட்டது என்று பொருள்.

அவர் தேநீர் அருந்தச் சென்ற சமயத்தில், உதவிக்கு நின்ற இளைஞன் ஆர்வக்கோளாறால் சுத்தியலை எடுத்து போல்ட்டின் மரை முனையில் ஓங்கி அடித்தான். முனை காளான்போல் விரிந்துவிட்டது. இனி அது வெளியே வந்தாலும் தாங்கியின் துளை வழியாக நுழையாது. நட்டை முனை வரைக்கும் திருப்பி வைத்துவிட்டு அடித்திருந்தால் மரை காக்கப்பட்டிருக்கும். மெக்கானிக் திரும்பி வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கண்ணாடியைக் கழற்றி அவன் முகத்தில் மாட்டி, "முதல்ல கண்ணைப் பாத்துக்கிடு. இரும்பு பிறவு" என்று மட்டும் கூறினார். சுத்தியல் அடியில் தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணில் பாய்ந்தால் பார்வையே போய்விடும்.

பிறகு கேஸ் கொண்டு சூடாக்கிப் பார்த்தார். ரப்பர் கருகிப் புகைந்தது. அருகிலே பிரேக் குழாய் செல்வதைக் காட்டி, இதற்குமேல் நெருப்பு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை மாலையாயிற்று. மறுநாள் அப்பச்சனின் டயாலிசிஸ் நாள். அப்போது நான் கேட்ட கேள்வியை இன்று எழுதவும் கூசுகிறேன். "நட்டை மறுபடி மாட்டி, மேலே ஒரு வெல்டிங் வைத்துவிடுங்கள். நாளை ஒரு நாள் ஓடினால் போதும்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே கூறினார்: "வெல்டு வெச்சா இண்ணைக்கு ஓடும் பாஸ்டரே. அப்பச்சனை வெச்சுக்கிட்டு நாளைக்குப் பாலம் ஏறும்போ என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரியாத காரியத்தை நான் செய்ய மாட்டேன். ஆட்டோ பிடிச்சுக்கிடுங்க."

என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர் அவர். அவர் கூறியது தொழில் அறிவும் ஆகும். இந்த போல்ட்டுகள் வெப்பப் பதனிடுதலால் வலிமையேற்றப்பட்டவை. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, சில இடங்களை மென்மையாகவும் சில இடங்களை நொறுங்கும் தன்மையுள்ளதாகவும் ஆக்கிவிடும். கண்ணுக்கு உறுதியாகத் தோன்றும் அந்த போல்ட் எப்போது முறியும் என்று ஒருவராலும் கூற இயலாது. முறிந்தால் முன்சக்கரம் தன் இடத்தை விட்டு விலகும்.

மறுநாள் ஆட்டோவில் சென்றோம். மழையும் நெரிசலும் சேர்ந்து ஒரு மணி நேரம் தாமதமாகியது. அப்பச்சனின் கால்கள் வீங்கியிருந்தன. ஆட்டோவின் குலுக்கலில் அவர் முகம் சுருங்குவதைக் கண்டேன். "பாஸ்டர், காருக்கு என்னவாச்சு?" என்று ஒருமுறை கேட்டார். ஒரு போல்ட் கழலவில்லை என்றேன். இரண்டு ஆண்டுகளாக நான் கழற்ற விடவில்லை என்பதை அன்று அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் தாங்கிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருபுறமும் போல்ட்டை அறுத்து ஆர்மை வெளியே எடுத்தார். எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலிருந்து புதிய ஆர்ம், போல்ட், நட்டு ஆகியவற்றை நான் வாங்கி வந்தேன். முதல்முறை சொன்னபோதே செய்திருந்தால் புஷ் ஒன்றின் விலையோடும் அரை நாள் கூலியோடும் முடிந்திருக்கும்.

இறுகிய போல்ட்டைக் கழற்றும் முறை

அந்த நாட்களில் அருகிருந்து பார்த்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்களுக்கு வரிசையாகக் கூறுகிறேன். நீங்கள் கையில் ஸ்பேனர் பிடிக்காதவராயினும், உங்கள் வண்டியில் பிறர் செய்வது சரியா தவறா என்று அறிய இது உதவும்.

முதலாவது, ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் நுழையக்கூடாது. சமதரையில், ஸ்டாண்டு வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தபின்னரே வேலை தொடங்க வேண்டும்.

இரண்டாவது, துருவை இளக்கும் எண்ணெய்க்கு நேரம் கொடுக்க வேண்டும். தெளித்த ஐந்தாம் நிமிடத்தில் இழுப்பதில் பயனில்லை. வேலைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே காலையும் மாலையும் தெளித்து வந்தால், அது மெல்ல மெல்ல இடுக்கில் இறங்கும். ரப்பரின்மேல் வழியாமல் துடைத்துவிடுவது நல்லது. ரப்பர் விளையும் ஊரில் வாழும் நாம் அறியாததல்ல. மண்ணெண்ணெயும் கனிம எண்ணெயும் பட்டால் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து வலிமை இழக்கும்.

மூன்றாவது, சரியான அளவுள்ள, ஆறு முனை கொண்ட பாக்ஸ் ஸ்பேனரையே பயன்படுத்த வேண்டும். பன்னிரண்டு முனை ஸ்பேனரும், தளர்ந்த ஸ்பேனரும் துருவேறிய தலையின் மூலைகளை மழுக்கிவிடும். மூலை மழுங்கிய பின்பு பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

நான்காவது, ஒரே மூச்சில் கழற்ற முயலக்கூடாது. முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்து, பிறகு கழற்றும் திசையில் சிறிது, மீண்டும் முன்னும் பின்னுமாக என்று பொறுமையாக அசைக்க வேண்டும். பொடியாகிய துரு வெளியேற வழி கிடைக்கும். ஒரேயடியாக இழுத்தால் போல்ட் முறிந்து போகலாம். சில கார்களில் நட்டு உடலின் உள்ளேயே வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அத்தகைய இடத்தில் முறிந்தால் தகட்டை வெட்டித் திறக்கவேண்டிய நிலை வரும்.

ஐந்தாவது, சூடாக்குவதானால் போல்ட்டை அல்ல, அதைச் சுற்றியுள்ள நட்டைச் சூடாக்க வேண்டும். வெளியிலிருப்பது விரிந்தால்தான் பிடி தளரும். எரிபொருள் குழாய், பிரேக் குழாய், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றின் அருகே நெருப்பைக் கொண்டுசெல்லவே கூடாது. தெளித்த எண்ணெயும் தீப்பற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாவது, குழாயோடு போல்ட் ஒட்டிவிட்டது என்று தெரிந்தால் சுத்தியலோடு நாளெல்லாம் போராட வேண்டாம். அறுத்து எடுப்பதே பாதுகாப்பும் சிக்கனமும் ஆகும். எப்படியும் புஷ்ஷை மாற்றப்போகிறோம். பழைய போல்ட்டுக்காக இரங்குவதில் பொருளில்லை.

மறுபடி பூட்டும்போது

சூடு பட்ட, அடி பட்ட, துரு தின்ற போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருப்பதைக் காணலாம். 10.9 என்பது 8.8-ஐக் காட்டிலும் வலிமை மிக்கது. கழற்றியதில் எந்த எண் இருந்ததோ, அதே எண்ணும் அதே நீளமும் உள்ளதையே வாங்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டைக் கதவுக்கும் கட்டிலுக்கும் போடலாம், சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் போடலாகாது. தானாகக் கழலாத வகை நட்டுகளைப் பெரும்பாலும் ஒரு முறைக்குமேல் பயன்படுத்தக்கூடாது என்று தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகிறார்கள்.

புதிய போல்ட்டின் நடுத்தண்டில், அதாவது குழாய்க்குள் மறையும் பகுதியில், 'ஆன்டி சீஸ்' என்னும் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். செம்பு அல்லது அலுமினியப் பொடி கலந்த கிரீஸ் போன்றது அது. நீர் புகும் இடத்தை அது நிரப்பிவிடுவதால் துரு ஒட்டுவதில்லை. அது கிடைக்காவிட்டால் நீரில் கரையாத நல்ல கிரீஸும் ஓரளவு உதவும். ஆனால் குழாயின் முனைகளிலும் தாங்கித் தகட்டிலும் பூசக்கூடாது. அங்கே உராய்வுதான் பிடிப்பைத் தருகிறது. மரையிலும் தாராளமாகப் பூசக்கூடாது. வழவழப்பான மரையில் அதே முறுக்கு போல்ட்டைக் கூடுதலாக இழுத்து நீட்டிவிடும்.

மிகவும் முக்கியமான ஒன்று: கார் உயரத்தில் தொங்கும்போது நட்டை முழுவதும் முறுக்கக்கூடாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை அவற்றின்மேல் நிற்கும் நிலையில்தான் இறுதி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து, புதிய புஷ்ஷும் விரைவில் கிழிந்துபோகும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அந்தந்த காரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் கொண்டு அந்த அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். பின்பு வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

வருமுன் காக்க

வாசகர்களே, இப்போது உங்கள் ஊர் வீட்டிலுள்ள காரை மனதில் கொண்டுவாருங்கள். அது ஈர மண்ணிலோ புல்லிலோ நிற்கிறதா? முடிந்தால் கான்கிரீட் தளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தரைவரை மூடிய பிளாஸ்டிக் உறை ஆவியை உள்ளேயே அடைத்து வைக்கும். காற்றோட்டமுள்ள உறை நல்லது. கடற்கரைக்கோ வெள்ளத்திலோ சென்று வந்தால், அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவச் சொல்லுங்கள். மேலே கழுவிய கார் வீட்டுக்கு அழகு, அடியில் கழுவிய காரே பாதுகாப்பு.

துரு பிடிக்காமலிருக்கப் பழைய எஞ்சின் ஆயிலையோ டீசலையோ அடியில் அடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது ரப்பர் புஷ்ஷுகளைக் கெடுக்கும். பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. தேங்காய் எண்ணெயும் இதற்கு ஏற்றதல்ல. நாளடைவில் அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும்.

மாதத்தில் இருமுறையாவது ஒருவர் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டுவதால் போல்ட் இளகாது. ஆனால் பிரேக் துருவேறாமல் இருக்கும். சத்தமும் இழுப்பும் தொடக்கத்திலேயே தெரியவரும். முற்றத்தில் நின்றபடியே எஞ்சினை உறுமச் செய்வதில் அந்த நன்மை இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்குமுன் மே மாதத்தில், நம்பிக்கையுள்ள மெக்கானிக்கிடம் காரைக் கொடுத்து, லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர், பின்புற ஆர்ம் ஆகியவற்றின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கி, சுத்தம் செய்து, பசை தடவி, உரிய அளவில் முறுக்கச் சொல்லுங்கள். டை ராடின் பூட்டு நட்டையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகிவிட்டால் அலைன்மென்ட் செய்யவே இயலாது. சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் போல்ட் இருந்தால், இளக்குமுன் அது நின்ற இடத்தில் அடையாளக் கோடு இட வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை அறிவீர்கள். அந்தச் சோதனைக்காக அவசரமாகக் கழற்றும்போதுதான் பல போல்ட்டுகள் முறிகின்றன. தேவைப்படாத நாளில் இளக்கி வைத்த போல்ட்டே தேவைப்படும் நாளில் கழலும்.

சொல்லாமல் விட்டவை

வேலை முடிந்த அன்று மாலையில் மும்பைக்குத் தொலைபேசி செய்து, 2022 ஜூன் தொடங்கி நடந்த எல்லாவற்றையும் அந்த மகனிடம் கூறினேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பின்பு அவர், "பாஸ்டர், செலவைப்பற்றி நான் வருந்தியிருக்க மாட்டேன். கார் நன்றாக இருக்கிறது என்று நம்பித்தானே இங்கே நிம்மதியாகத் தூங்கினேன்" என்றார். அவர் கோபத்தோடு பேசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் அப்பச்சனிடமும் சென்று கூறினேன். அவர் சிரித்தார். "சத்தம் எனக்கும் ஒரு வருஷமா கேட்டுது பாஸ்டர். சொன்னா நீங்க வண்டி எடுக்க யோசிப்பீங்களோன்னு நான் மிண்டாம இருந்தேன்" என்றார். மெக்கானிக் ஒருவரைத் தவிர நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணி மௌனமாயிருந்திருக்கிறோம். அந்த மௌனத்தினூடே துரு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாத முதல் வாரத்தில் அந்த கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது. மெக்கானிக் கூறுவதை அங்கிருந்தபடியே மகனுக்குத் தொலைபேசியில் கேட்கச் செய்கிறேன். அறுத்தெடுத்த பழைய போல்ட்டின் ஒரு துண்டு, குழாயோடு ஒன்றாய் இறுகியபடியே, என் மேசையின்மேல் இருக்கிறது.

அன்பான வாசகர்களே, இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, நலம் விசாரித்தபின் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "வண்டியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா?" ஒன்றுமில்லை என்று உடனே பதில் வந்தால், வண்டியை ஓட்டுகிறவரிடமும் தனியே கேளுங்கள். அடுத்தமுறை ஊருக்கு வரும்போது, உறையை நீக்கியதும் ஒரு கைவிளக்கோடு குனிந்து அடியில் பாருங்கள். செலவு சிறிதாயிருக்கும் காலம் அதுவே.